எரியாத பல்பு

பெயர்கள் தொலைந்துபோக ஆரம்பித்தபோது வீட்டில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள் அவள். ஒரு நாள் அளவு கொடுக்க நின்ற பெண்ணிடம், "இங்க ஒரு... அது வைக்கட்டுமா, வட்டமா, நடுவுல ஓட்டை இருக்குமே" என்று விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். பட்டன் என்ற வார்த்தை வரவில்லை.

"பட்டன் தைச்சே பாதி ஆயுசு போச்சு, அதோட பேரா மறந்துச்சு?" என்று வந்தவள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவனிடமும் சொல்லிச் சிரித்தாள். அவன் எலக்ட்ரீஷியன். ஸ்க்ரூடிரைவர் பையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "என் பேராவது ஞாபகம் இருக்கா, இல்ல நானும் வட்டமா ஓட்டையோடதான் இருக்கேனா?" என்று கேட்டான்.

"உங்களை எப்படிங்க மறப்பேன், நீங்கதான் இன்னும் அந்தப் பின்வாசல் விளக்கை மாட்டித் தரலையே."

அடுத்த வாரம், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. இஸ்திரிப் பெட்டி யாருடைய சட்டையையோ பொசுக்கிக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் அந்தத் தீய்ந்த வாடை அவன் மூக்கை விட்டுப் போகவில்லை. ஸ்கேனில் மண்டைக்குள் இடப்பக்கமாக ஒரு கட்டி தெரிந்தது. பெரிய கோலிக்குண்டு அளவு இருந்தது. பேச்சு குடியிருக்கிற பக்கம் அது என்றார்கள். திறந்துதான் எடுக்கவேண்டும், எவ்வளவுக்கு எவ்வளவு முழுசாக எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது, மிச்சம் விட்டால் மறுபடி தலைகாட்டும் என்றார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தைரியம் சொன்னவன் அவளுடைய தம்பி. மாணவர்களுக்கு வாடகை ஹாலில் 'நினைவாற்றல் வகுப்பு' எடுக்கிறவன். அதனால் குடும்பத்தில் அவனுக்குப் புரொபசர் என்றே பெயர்.

"அக்கா, மாமா, ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க" என்றான் புரொபசர். "மனுஷன் தன் மூளையில பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துறான். மீதி தொண்ணூறு சும்மா கிடக்கு. பெரிய பெரிய மேதைங்களே பதினஞ்சைத் தாண்டினதில்ல. இதுல ஒரு கோலிக்குண்டு இடம் போனா என்ன குறைஞ்சிடும்?"

"நீ எத்தனை சதவீதம்டா பயன்படுத்துற?" என்று கேட்டாள் அக்கா.

"அக்கா, நான் கிளாஸ் எடுக்குறவன்."

"அதனாலதான் கேக்குறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். விழுந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காகவே கணவனுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது. தன் தொழிலோடு வேறு அது கச்சிதமாகப் பொருந்தியது. எந்த வீட்டுக்கு மெயின் போர்டு மாட்டினாலும் சில இடங்களைக் காலியாக விட்டுத்தான் மாட்டுவார்கள். நாளைக்கு ஒரு மோட்டார் வரும், ஏசி வரும். "நாங்களே ஸ்பேர் விடுறோம்" என்று மனைவியிடம் சொன்னான். "உன்னைப் படைச்சவன் விடாமலா இருப்பான்? இங்க போனா அந்த லைனை எடுத்து அங்க மாத்திக்கலாம்."

"சரி, நீங்களே மாத்திக் கொடுத்துடுங்க. டாக்டருக்கு எதுக்குத் தண்டச் செலவு" என்றாள் அவள். ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது.

அதை டாக்டரிடமே கேட்டுவிடவேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. மூளை அறுவை டாக்டர் அதிகம் பேசாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அப்படிச் சும்மா கிடக்குற இடம் ஒண்ணு இருந்தா எனக்கும் காட்டுங்க. அது வழியாவே உள்ள போயிட்டு வந்துடுறேன். என் வேலை சுலபமாயிடும்."

அவன் அசடு வழியச் சிரித்தான்.

"நீங்க தூங்கும்போதுகூட அங்க யாரும் தூங்குறதில்லைங்க. எல்லா அறையிலயும் ஆள் இருக்காங்க. எந்த அறையில யாருன்னு வெளியில நின்னு பார்த்தா தெரியாது. அதனால தட்டிப் பார்த்துத்தான் போகணும். ஆபரேஷன் பாதியில உங்க மனைவியை எழுப்புவோம். வலி இருக்காது. படம் காட்டுவோம், அவங்க பேர் சொல்லிட்டே இருப்பாங்க. நான் கட்டி ஓரத்துல ஒவ்வொரு இடமா லேசா கரண்ட் வச்சுத் தொடுவேன். பேச்சு நிக்காம வந்துச்சுன்னா அந்த இடத்தை எடுக்கலாம். நின்னுச்சுன்னா அது பேச்சோட இடம். கை வைக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் புரொபசர், "டாக்டருங்க அப்படித்தான் மாமா சொல்வாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா பேச்சு வாங்கக்கூடாது பாருங்க" என்றான். டாக்டர் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று கணவனின் உள்மனசுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது? அதில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லை. அந்தத் தொண்ணூறில் இருந்தது.

படம் காட்டுகிறவர் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். சின்ன அறை, ஒரு மேஜை, சீட்டுக்கட்டைப் போல ஒரு கட்டு அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு படம். பந்து, மரம், சாவி, நாற்காலி, கத்திரிக்கோல். கத்திரிக்கோல் வந்தபோது அவள் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல டக்கென்று பெயர் சொன்னாள். நங்கூரம் படம் வந்தது. "கப்பல்ல... கீழ போடுவாங்க, கொக்கி மாதிரி" என்றாள். அந்த அட்டையை அந்தம்மா தனியே வைத்தார். பிறகு புனல். "எண்ணெய் ஊத்துறது." அதுவும் தனியே போனது. தராசைப் பார்த்து, "நிறுக்கிறது" என்றாள். அதுவும் போனது. ஒவ்வொரு அட்டையும் மேஜையில் விழுகிற 'டக்' சத்தம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் நெஞ்சில் விழுந்தது.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் அந்தம்மா. "உறுதியா வர்ற படம் மட்டும்தான் அன்னைக்கு என் கையில இருக்கணும். மத்ததெல்லாம் வெளிய போயிடும். வீட்டுல இதைப் படிக்கிறது, சொல்லிப் பார்க்கிறது எதுவும் வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை பார்ப்போம்."

தெளிவாகத்தான் சொன்னார். அவன் காதில் விழுந்தது மட்டும் வேறு. பரீட்சை வைத்தார்கள், என் பெண்டாட்டி மூன்றில் ஃபெயில், இன்னொரு வாய்ப்பு தருகிறார்கள் என்று விழுந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, "கொக்கி மாதிரி" என்று மட்டும் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அதுதான் அவனைக் கிளப்பிவிட்டது.

சுவிட்ச் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, கருப்புப் பேனாவால் அவனே படம் வரைந்தான்.

"இது என்ன சொல்லு."

"குடை."

"குடை இல்ல, நல்லாப் பாரு."

"காத்துல திரும்பிக்கிட்ட குடை. என்னங்க, நீங்க எதை வரைஞ்சாலும் அதுல ரெண்டு ஒயர் தொங்குது."

புரொபசர் தன் வகுப்பு வித்தையைக் கொண்டுவந்தான். பெயரை நேராகத் தேடாதே, அதற்கு ஒரு சத்தத்தைக் கட்டிவிடு என்றான். "கப்பல்ல இருந்து அவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கிப் போட்டா என்ன சத்தம் கேக்கும் அக்கா? நங்குன்னு கேக்கும். அந்த நங்கைப் பிடிச்சுக்க, மீதி தானா வரும். தூங்குற மூளையைத் தட்டி எழுப்புறோம், அவ்வளவுதான்." புனலுக்கும் தராசுக்கும் இப்படியே ஆளுக்கொரு சத்தம் கட்டினார்கள்.

சமைக்கும்போது கேட்டான். துணி வெட்டும்போது கேட்டான். அவள் சில சமயம் சிரித்தாள். சில சமயம் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு நாள், "வரலைன்னா விட்டுடுங்களேன், அவங்கதான் வேண்டாம்னாங்களே" என்று கண் கலங்கினாள். அவன் விடவில்லை. அவளுக்காக அவனால் செய்ய முடிந்த காரியம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. ஸ்கேன் அவனுக்குப் படிக்கத் தெரியாது. மருந்துப் பெயர் வாயில் நுழையாது. வார்த்தை சொல்லிக் கொடுக்கத் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மறுபடியும் அந்தச் சின்ன அறை. ஒதுக்கிய அட்டைகளையும் அந்தம்மா ஒரு தடவை காட்டினார். நங்கூரம் வந்ததும் அவள் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. "நங்... நங்கூரம்." புனலும் வந்தது. தராசும் வந்தது.

அந்தம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். "வீட்டுல சொல்லிக் கொடுத்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றான் அவன். "தானா வந்திருக்கு."

அவள் ஒரு கணம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, புடவை ஓரத்தில் பிரிந்து நின்ற நூலை நீவிக்கொண்டாள்.

"மருந்துல வீக்கம் வடிஞ்சிருக்கும். அப்படி வர்றதும் உண்டு" என்றார் அந்தம்மா, சந்தோஷமாகவே. மூன்று அட்டைகளும் மற்ற அட்டைகளோடு கட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் காலேஜ் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன் போட்டு, "அம்மா எல்லாத்துலயும் பாஸ்" என்றான்.

மறுநாள் காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மொட்டையடித்த இடத்தைத் துணியால் மறைத்திருந்தார்கள். "பின்வாசல் விளக்கு" என்று விரலை ஆட்டி எச்சரித்துவிட்டுப் போனாள்.

காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்திருந்ததால், ஒருவர் காலை ஆட்டினால் வரிசை முழுவதும் ஆடியது. புரொபசர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"மாமா, இந்நேரம் எழுப்பியிருப்பாங்க, இல்ல?"

"எழுப்பியிருப்பாங்க."

"கரண்ட் வச்சுத் தொட்டா எப்படி மாமா தெரியும், இதுதான் பேச்சோட இடம்னு? எனக்கு அது மட்டும் பிடிபடவே இல்ல."

இந்த ஒன்றுதான் அவனுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. இத்தனை நாளில் தான் விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு விஷயம் கிடைத்ததில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நாங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தோமே, அப்ப போர்டுல ஒரு சுவிட்சுலகூட எழுதியிருக்காது. எது எந்த அறைக்குப் போகுதுன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. என்ன பண்ணுவோம்? எல்லா விளக்கையும் போட்டுட்டு, நான் போர்டுகிட்ட நிப்பேன். உங்க அக்கா ஒவ்வொரு அறையா போய் நிப்பா. நான் ஒண்ணை அணைப்பேன். அவ அங்க இருந்து 'அடுப்படி போச்சு'ன்னு கத்துவா. உடனே அதுல அடுப்படின்னு எழுதிக்கலாம். டாக்டர் உள்ள அதேதான் பண்றாரு. அவர் ஒரு இடத்தைத் தொட்டு அணைக்கிறாரு. அந்தம்மா அட்டையைக் காட்டிக்கிட்டு அறையில நிக்கிறாங்க. அக்கா வாயில வார்த்தை நின்னுச்சுன்னா, 'போச்சு'ன்னு சொல்வாங்க."

"அட" என்றான் புரொபசர். காலாட்டுவதை நிறுத்திவிட்டான்.

"அதுல ஒரு கூத்து நடந்துச்சு. பின்னறைக்கு மட்டும் தப்பா எழுதிட்டோம். நான் ஏதோ ஒரு சுவிட்சை அணைச்சேன். அவ மேல பார்த்துட்டு 'பின்னறை போச்சு'ன்னா. எழுதிட்டோம். அப்புறம் ஒரு நாள் அதை அணைச்சுட்டுப் பின்னறை ஒயர்ல கை வச்சேன், தூக்கி எறிஞ்சுது பாரு. அந்த அறையில பல்பு முன்னாடியே ஃபியூஸ் போயிருக்கு. நான் அணைச்சதால போகல. அவ நிமிர்ந்து பார்த்தா, இருட்டா இருக்கு, போச்சுன்னுட்டா. அதனாலதான் நாங்க லைன் பார்க்கறதுக்கு முன்னாடி எல்லா அறையிலயும் பல்பு எரியுதான்னு பார்த்துக்குவோம். எரியாத பல்பை வச்சுக்கிட்டு லைன் பார்த்தா..."

நின்றுவிட்டான்.

"பார்த்தா?" என்றான் புரொபசர்.

அந்தச் சின்ன அறையில் கேட்டது இப்போதுதான் அவன் காதில் சரியாக விழுந்தது. உறுதியா வர்ற படம் மட்டும்தான் என் கையில இருக்கணும். மத்ததெல்லாம் வெளிய போயிடும். அந்தம்மா பரீட்சை வைக்கவில்லை. எந்த பல்பு எரிகிறது என்று பார்த்திருக்கிறார். எரியாத மூன்றைக் கழற்றி வைத்தார். அவன் அந்த மூன்றையும் எடுத்து, துடைத்து, எரிகிற மாதிரி வேஷம் கட்டித் திரும்ப மாட்டிவிட்டிருக்கிறான். உள்ளே அவளுக்கு நங்கூரம் வராமல் போகும். டாக்டர் தொட்டதால் அல்ல. அது எப்போதுமே வராதது. ஆனால் 'போச்சு' என்பார்கள். பேச்சே இல்லாத இடத்தைப் பேச்சு என்று நம்பி டாக்டர் கையை எடுத்துவிடுவார். கட்டி அங்கேயே இருக்கும்.

எழுந்து ஓடினான். இரட்டைக் கதவுக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மகள் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும்.

"உள்ள ஒரு சேதி சொல்லணும்மா. படம் காட்டுற மேடம்கிட்ட. நங்கூரம், புனல், தராசு. இந்த மூணையும் எடுத்துடச் சொல்லணும்."

"என்ன எடுக்கணும்?"

"நங்கூரம்."

நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் புத்தி பேதலித்துப் பேசுவது அவளுக்குப் புதிதல்ல போலும். குரலை இறக்கி, "சார், உள்ள ஆபரேஷன் நடக்குது. நீங்க உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள்.

பின்னாலேயே வந்த புரொபசர், "நான் சொல்றேன் மாமா" என்று முன்னால் நின்றான். "சிஸ்டர், மனித மூளைங்கிறது..."

"நீங்களும் உக்காருங்க சார்."

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "பொய் சொல்லிட்டேன்மா" என்றான். "சொல்லிக் கொடுக்காதீங்கன்னாங்க. சொல்லிக் கொடுத்துட்டு இல்லைன்னு சொல்லிட்டேன். அந்தப் பொய் இப்ப என் பொண்டாட்டி தலைக்குள்ள போயிட்டிருக்கு. அந்த மேடத்துக்குச் சொன்னா உடனே புரிஞ்சுடும். உனக்குப் புரியவேண்டாம்மா. சொன்னா மட்டும் போதும்."

நர்ஸ் மேஜையில் இருந்த போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். "நங்கூரம், புனல், அப்புறம் தராசு... ஆமாம், படம்தான்... வீட்டுல சொல்லிக் கொடுத்ததாம்... தெரியல மேடம், அவர்தான் சொல்றாரு." வைத்துவிட்டாள்.

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"வேற?"

"அவ்வளவுதான் சார்."

அந்தச் சரியைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் இரும்பு நாற்காலிக்குத் திரும்பினான். இனி அவன் செய்வதற்கு ஒரு துரும்புகூட மிச்சமில்லை. எழுந்து நின்றான், உட்கார்ந்தான். ஒரு ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால், ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறியிருப்பான். இப்போது அதை அண்ணாந்து பார்ப்பதற்குக்கூடப் பயமாக இருந்தது. மகளிடமிருந்து செய்தி வந்தது: அம்மா வந்துட்டாங்களா, பேசினாங்களா? அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"மாமா" என்றான் புரொபசர் வெகு நேரம் கழித்து. "அந்தப் பத்து சதவீதம்... அதை நான் எங்க படிச்சேன்னு இவ்வளவு நேரமா யோசிக்கிறேன். எங்கயும் படிக்கல. எனக்கு கிளாஸ் எடுத்தவர் சொன்னாரு. அவருக்கு யார் சொன்னாங்களோ. முதல் நாள் முதல் வரி அதுதான். ஹால் மொத்தமும் நிமிர்ந்து உக்காரும் மாமா, அதைச் சொன்னா."

"நானும்தான் நிமிர்ந்து உக்காந்தேன்" என்றான் அவன்.

அதில் கோபம் இல்லை. இன்னொருவர் மேல் கோபப்படுகிற யோக்கியதை தனக்கு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது, நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு சிவப்பாக இருந்தது. "நல்லபடியா முடிஞ்சுது. பேச்சு இருக்கு, கை கால் அசையுது. கட்டியில பெரும்பகுதி வந்துடுச்சு. ஓரத்துல ஒரு கீத்து மட்டும் விட்டிருக்கேன். அங்க தொட்டப்போ பேச்சு நின்னுச்சு." அவன் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த கதவுக்குள் போய்விட்டார். 'நல்லபடியா' என்ற சொல்லோடு புரொபசர் கும்பிட்டான், மூக்கை உறிஞ்சினான். கணவன் காதில் 'ஒரு கீத்து' மட்டும் தங்கிவிட்டது.

பேச்சுப் பயிற்சி அம்மா பின்னால் வந்தார். அவர் முன்னால் அவன் பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எந்தப் படம் மேடம்?"

"நங்கூரம். 'நங், நங்'னு ரெண்டு தடவை வந்துச்சு, அதுக்கு மேல வரல. பேச்சு நிக்கிறது பல சமயம் அச்சு அசலா அப்படித்தான் இருக்கும்."

நங். கப்பலிலிருந்து விழுந்த அந்த இரும்பு இப்போது அவன் தலையில் விழுந்தது.

"போன் வந்துச்சே மேடம்."

"வந்துச்சு. ஆனா நாங்க அந்த இடத்தைத் தாண்டிட்டோம். திரும்பப் போய் வேற படம் வச்சு ஒரு தடவை பார்த்துடலாம்னு நானே டாக்டர்கிட்ட கேட்டேன். அவரும் சரின்னாரு. அதுக்குள்ள அவங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. கண்ணு சொருகிடுச்சு. பந்து, மரம்கூட வரல. கேள்வி கேக்குற நேரம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் அதுக்கு அர்த்தம் இல்ல. சந்தேகம் வந்தா விட்டுடணுங்கிறது டாக்டரோட முறை."

"அப்ப அந்த இடம்..."

"பேச்சோட இடமா இருக்கலாம். நீங்க சொல்லிக் கொடுத்த அட்டையா இருக்கலாம். இனி தெரிஞ்சுக்க வழியில்லைங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே, "எல்லார் வீட்டுலயும் யாராவது ஒருத்தர் சொல்லிக் கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டார். அது அவனை இன்னும் சின்னவனாக்கியது. கதிர்வீச்சு கொடுப்பார்கள் என்றார். அப்புறம் அவ்வப்போது ஸ்கேன் எடுத்து, அந்தக் கீற்று வளருகிறதா, சும்மா இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார்.

மறுநாள் பகலில்தான் அவளிடம் விட்டார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, ஒரு கண் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"என்னங்க" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, தையல் போடுகிற மாதிரி பேசினாள். "அது... வரலீங்க. நீங்க அவ்வளவு சொல்லிக் கொடுத்தும். கப்பல்ல போடுறது. சத்தம் மட்டும் வந்துச்சு. பேர் வரல. உங்க மானத்தை வாங்கிட்டேன்."

அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

'எடுத்துட்டாங்க' என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு பொய். அதுவும் அவள் தலைக்குள்தான் போகும்.

"கொஞ்சம் விட்டிருக்காங்க" என்றான். "நம்ம பின்னறை பல்பு ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவள் நெற்றியைச் சுருக்க முயன்றாள். கட்டு விடவில்லை. "ஷாக் அடிச்சுதே. நான் அழுதேன். அப்புறம் உங்களைத் திட்டினேன்."

"அதே வேலையை மறுபடியும் பண்ணிட்டேன். எரியாததை எரியுதுன்னு சொல்லிட்டேன். உனக்கு அந்த மூணும் வராதுங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் தெரியவிடல. அதனால ஒரு இடத்துல... எடுக்கலாமா வேண்டாமான்னு தெரியாமலே விட்டுட்டாங்க."

அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. திறந்திருந்த ஒரு கண் அவன் முகத்திலேயே நின்றது. திட்டுவாள், அழுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான்.

"அன்னைக்கு நானும்தானே" என்றாள் கடைசியில். "மொதல்லயே அண்ணாந்து பார்க்கல. பல்பு முன்னாடியே போயிருக்கான்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த மேடம் கேட்டப்பவும்... நானும் வாயைத் திறக்கல. பாஸ் ஆகணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு."

அவன் அவள் புறங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மருந்து வாடை வீசியது. மற்றொரு கை மெதுவாக ஊர்ந்து வந்து அவன் தோளைத் தொட்டது. சட்டையின் முன்பக்கத்தில் எதையோ பிடித்துத் திருகியது.

"பட்டன் தொங்குது பாருங்க" என்றாள். "வீட்டுக்குப் போனதும் தைச்சுத் தரேன்."

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவள் கவனிக்கவே இல்லை. அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். அவன் அசையாமல் இருந்தான். சந்தோஷப்படலாமா என்று கேட்பதற்குக்கூட அங்கே யாரும் இல்லை. வெள்ளைக் கட்டுக்கு உள்ளே, இடப்பக்கத்தில், நகக்கீற்று அளவுக்கு ஓர் இடம். அது பேச்சோ, வெறும் கட்டியோ, அவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அடுத்த ஸ்கேன் வரைக்கும், அதற்கடுத்த ஸ்கேன் வரைக்கும், அவள் ஒவ்வொரு முறை ஒரு பொருளின் பெயரைத் தேடி நிற்கும்போதும், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டியதுதான்.

இத்தனை நாளும் அவள் தலைக்குள் சும்மா கிடக்கிற இடம் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவன். இப்போது ஒன்று இருக்கிறது.

சும்மாவே கிட, என்று அதைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். தயவுசெய்து சும்மாவே கிட.